திமிங்கலத்துக்கு ஓர் அகப்பைத் தண்ணீர்

ஓம்ரினா என்று பேர் சொல்லிக் கேட்டால் அந்த ஊரில் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். கரிக்கை என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டிவிடும். பனிப் பிரதேசமான சுக்கோட்காவின் கிழக்குக் கோடியில், நிலம் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் இருக்கிற சின்ன ஊர் அது. ஊருக்கே ஒரு பாய்லர் கூடம். அதில் நிலக்கரி அள்ளிப் போட்டு, அத்தனை வீட்டுச் சூடுக்குழாயிலும் வெந்நீர் ஓடும்படி பார்த்துக்கொண்டவள் அவள். கரித்தூள் அவள் உள்ளங்கை ரேகைக்குள் இறங்கிக் குடியேறிவிட்டது. எந்த சோப்புக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. அவள் சுட்ட ரொட்டி தீய்ந்துபோனதா, இல்லை பிசைந்த கையின் நிறமா என்று தின்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று கேலி பேசுவார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு, கேலி பேசியவர் தட்டிலேயே இன்னொரு துண்டை வைப்பாள்.

அந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டுப் போகவில்லை. அது புருஷன் பார்த்த வேலை. ஒரு வசந்தத்தில் அவன் கடல்நாய் வேட்டைக்குப் பனிப்பாளத்தின் மேல் போனான். பாளம் கரையை விட்டுக் கழன்று நகர்ந்தது. போனவன் போனவன்தான். உலைக்கு ஆள் இல்லை என்று கிராமத் தலைவர் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவள் நேராகக் கூடத்துக்குள் போய்க் கரி அள்ளும் ஷவலைக் கையில் எடுத்தாள். அங்கே குளிர்காய்ந்துகொண்டிருந்த ஆண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொள்ளட்டும் என்று அவள் பாட்டுக்கு அள்ளிப் போட்டாள். பொழுது சாய்ந்தபோது அங்கே சிரிக்க ஆள் இல்லை, எல்லாரும் வீட்டில் சூடாக உட்கார்ந்திருந்தார்கள்.

பெரிய புயல் அடித்த அந்தக் குளிர்காலத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை. வாசலைத் திறந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற காற்று. மாற்று ஆளால் கூடத்துக்கு வந்து சேரவே முடியவில்லை. காற்று ஓயும் வரைக்கும் ஓம்ரினா தனியாக நின்று உலையை எரித்தாள். நின்றபடியே தூங்கினாள், ஷவலில் சாய்ந்தபடியே சாப்பிட்டாள். அந்த வாரம் பிறந்த இரண்டு குழந்தைகள் பிழைத்தன என்றால் அவளால்தான். இதில் யார் வேறு கதை சொன்னாலும் அது பொய். அவள் கையில் அந்த உலை ஒரு நாளும் அணைந்தது கிடையாது.

ஆனால் எரிகிற கரி எங்கேயாவது போக வேண்டுமே. புகைபோக்கி வழியாக மேலே போனது, ஊர் மேலேயே இறங்கியது. மற்ற ஊரில் பனி விழுந்தால் வெள்ளையாகும். இங்கே விழுந்த மறுநாளே எலித்தோல் மாதிரி ஆகிவிடும். துணி காயப்போட்ட பெண்கள் பாய்லர் பக்கம் பார்த்துத் திட்டுவார்கள். வசந்தத்தில் சுற்றியிருக்கும் மேடெல்லாம் வெள்ளையாக மூடிக் கிடக்க, ஊர் மட்டும் முதலில் உருகிச் சேறாகும். கறுப்பில் வெயில் பட்டால் சுடும் என்பது அங்கே யாரும் சொல்லிக் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமில்லை.

இதெல்லாம் அவளை உறுத்தாமல் இல்லை. உறுத்தியது. குளிரில் சாவதா, கறுப்போடு வாழ்வதா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் தம்பி மனைவி செத்துப்போகும் வரைக்கும் அந்த உறுத்தல் உறுத்தலாகவே இருந்தது.

தம்பி எத்திலின் ஊரில் முதல் படகுக்காரன். ஈட்டி எறிவதில் அவனுக்கு மிஞ்சின கை இல்லை. படகுத் தலைவன் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கடமை உண்டு. வேட்டையாடிய திமிங்கலம் கரைக்கு வந்ததும், கத்தி அதன் மேல் படுவதற்கு முன்னால், அவள் போய் அதற்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும். தூரத்திலிருந்து வந்த விருந்தாளி அது. பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் கிடந்த உயிர். அதன் கண் முன்னால்தான் பனி கடலில் விழுகிறது, விழுந்த கணமே உப்பாகிவிடுகிறது. அதன் வாய்க்கு எட்டுவதே இல்லை. ஆகையால் அந்த வீட்டில் ஓடைத் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். பனியை உருக்கித்தான் கொடுப்பார்கள், அதையும் கொடுக்கிறவளே தன் கையால் அள்ள வேண்டும். உடம்பு இங்கே கிடந்தாலும், குடித்த திமிங்கலத்தின் ஆவி தன் கூட்டத்திடம் திரும்பிப் போய் இன்ன ஊரில் என்னை நன்றாகக் கவனித்தார்கள் என்று சொல்லும். அடுத்தது அங்கே வரும். கவனிக்காவிட்டால் அதையும் சொல்லும்.

எத்திலின் மனைவி நெஞ்சு நோயில் போன பிறகு அந்த வீட்டில் பெண் என்று மிஞ்சியது அக்கா ஒருத்திதான். அகப்பை அவள் கைக்கு வந்தது.

முதல் தடவை கொடுத்தபோது அவசரம். அது குளிர்காலத் தொடக்கம், உலையை விட்டு நகர நேரமில்லை. கூடத்துக்குப் பின்னால் இருக்கிற சரிவில், மேலோட்டமாக இருந்ததைத் தள்ளிவிட்டு அடியில் அள்ளினாள். உருக்கினாள். எடுத்துக்கொண்டு ஓடினாள். திமிங்கலத்தின் உதட்டோரம் சாய்த்தபோதுதான் பார்த்தாள், அகப்பைத் தண்ணீரில் கரிப்பொடி சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற வுக்வுனேயும் பார்த்துவிட்டாள். வுக்வுனே அடுத்த வீட்டுக்காரி. அவள் ஒன்றைப் பார்த்தால் ஊர் முழுக்கப் பார்த்த மாதிரி.

அதற்கப்புறம் நல்லது எதுவும் நடக்கவில்லை. வசந்தத்தில் குத்திய திமிங்கலம் ஈட்டிக் கயிற்றில் கட்டிய மிதவைகளையும் இழுத்துக்கொண்டு பனிக்கு அடியில் போய்விட்டது. கோடையில் குத்தியது செத்ததும் கல் மாதிரி மூழ்கியது. உறைந்த மண்ணில் தோண்டிய குழிகளில் சேர்த்து வைத்த பழைய இறைச்சி தீர்ந்துகொண்டு வந்தது. கடைச் சாமான் கப்பலில் வந்தால்தான் உண்டு, அது வந்த அளவுக்கு வரும். அவள் முகத்துக்கு நேரே ஊர் வாயை மூடிக்கொண்டு பார்த்தது. வாயைத் திறந்தவள் வுக்வுனே மட்டும்தான். ரொட்டி வாங்கிக்கொண்டு வந்த ஓம்ரினாவை வழியில் நிறுத்தினாள்.

"உன் கையால தண்ணி குடிச்ச திமிங்கலம் இருமிக்கிட்டே போயிருக்கும்டி, கரிக்கை. இருமல் சத்தம் கேட்டு மத்ததெல்லாம் ஓடிடுச்சு."

"உன் வீட்டுக் குழாய் சூடா இருக்கில்ல?" என்றாள் ஓம்ரினா.

"இருக்கு."

"அந்த இருமல்தான் அது. போய்க் குளிர்காய்."

நறுக்கென்று சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்தவளுக்கு ரொட்டி இறங்கவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து எத்திலின் வந்தான். படகு சரி பார்க்க வேண்டும், கயிறு மாற்ற வேண்டும் என்று எதையெதையோ பேசிக்கொண்டிருந்தான். தம்பியை அவளுக்குத் தெரியாதா? வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கயிற்றைப் பற்றிப் பேசு என்றாள்.

"ஊரு பேசுதுக்கா."

"ஊரு பேசட்டும். நீ என்ன பேசற?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "தண்ணி கறுப்பா இருந்துச்சு. நானும் பார்த்தேன்."

வுக்வுனே நூறு தடவை சொன்னதைவிட அது ஆழமாக இறங்கியது. அவள் சண்டை போடவில்லை. இன்னும் ஒரு தடவை பார், அதுவும் கறுப்பாக இருந்தால் அகப்பையை நானே வேறு கையில் கொடுத்துவிடுகிறேன் என்றாள். அவன் சரி என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடிக்காமலே போனான். அன்றிலிருந்து அவளுக்கு இருந்தது ஒரே கவலை. அடுத்த திமிங்கலத்துக்கு வெள்ளைப் பனியில் உருக்கிய தண்ணீர் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் அப்பா, அம்மா, தம்பி மனைவி என்று வந்த அந்த வீட்டின் பேர் அவளோடு அழிந்துபோகும்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் லாரிசா என்கிற பெண் வந்து அவள் வீட்டில் தங்கினாள். பெரிய நகரத்தில் காற்றை ஆராய்கிற படிப்பு படித்தவள். ஊருக்கு வடக்கே, புகை எட்டாத முனையில், ஒரு பெட்டியை நட்டு வைத்தாள். பெட்டி காற்றை உறிஞ்சும். உள்ளே வெள்ளைத் தாள் ஒன்று இருக்கும். காற்றில் இருக்கிற கரி அதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டொரு நாளைக்கு ஒரு தடவை தாளை மாற்றிக்கொண்டு வருவாள். ஓம்ரினாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. உறைந்த மீனைச் சீவிக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் தின்றாள். ஆனால் பேச்சு மட்டும் ஒத்துப்போகவில்லை. லாரிசா கொண்டுவந்த தாள் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதைக் காட்டி, இது உங்கள் உலைக்கரி இல்லை, வெகு தூரத்திலிருந்து வருகிறது என்பாள். தெற்கே காடுகள் எரிகின்றன, எண்ணெய்க் கிணறுகளில் வாயுவைக் கொளுத்திவிடுகிறார்கள், வடக்கே கப்பல்கள் போகின்றன, எல்லாம் காற்றில் ஏறி இங்கே வந்து இறங்குகிறது என்பாள்.

ஓம்ரினா ஒப்புக்கொள்ளவே இல்லை. அவளுக்கு அது வெறும் சமாதானமாகப் பட்டது.

"என் கறுப்பைக் கொண்டுபோய் எவனோ தூரத்துக்காரன் தலையில கட்டுறியே, பொண்ணே. எனக்கு நல்லது சொல்றதா நெனைச்சுக்கிட்டு."

"வட கடல்லேருந்து காத்து வர்றப்பகூட தாள் இப்படித்தான் ஆகுதுக்கா. அந்தப் பக்கம் வீடு ஏது, புகைபோக்கி ஏது?"

"இவ்வளவு தூரம் பறந்து வந்து என் ஊருப் பனியில உக்காரணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து? அது என்னோடதுதான். சுத்திச் சுத்தி உன் பெட்டிக்கு வந்திருக்கும்."

லாரிசா சிரித்துவிட்டு விட்டுவிடுவாள். பிடிவாதத்தில் ஓம்ரினாவை வென்றவர்கள் அந்த ஊரில் இல்லை, வெளியூர்ப் பெண்ணுக்கு மட்டும் முடியுமா?

அந்த வருஷம் குளிரும் தாமதம். அக்டோபர் முடியப்போகிறது, தரை இன்னும் பழுப்பாகக் கிடந்தது. கடலும் கெட்டிப்படவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் கடல் கூழாகிவிடும், அப்புறம் படகு இறக்க முடியாது. கடைசி வாய்ப்பு என்று எல்லாப் படகும் போயின. மாற்று உலைக்காரனும் துடுப்போடு போய்விட்டான். கூடத்தில் ஓம்ரினா மட்டும்.

வயர்லெஸ் பெட்டி பாய்லர் கூடத்து ஜன்னலில்தான் இருக்கும், அங்கேதான் பேட்டரி குளிரில் சாகாது. வெளிச்சம் வந்த கையோடு பெண்கள் அங்கே கூடிவிட்டார்கள். கரகரப்புக்கு நடுவில் எத்திலின் குரல் வந்தது. குத்தியாகிவிட்டது, செத்துவிட்டது, மூழ்கவில்லை, எல்லாப் படகும் சேர்ந்து இழுத்து வருகிறோம், கரைக்கு வரப் பொழுது சாயும் என்றான். பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். வுக்வுனே மட்டும் ஓம்ரினாவின் முகத்தைப் பார்த்தாள்.

ஓம்ரினா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பனி விழ ஆரம்பித்திருந்தது. வருஷத்தின் முதல் பனி. வட கடலிலிருந்து காற்று, பெரிய பெரிய இதழாக விழுந்தது. அவள் அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தாள். புகை காற்றில் மடங்கி, அந்தப் பனிக்குள்ளேயே கலந்து, சரிவு மேல் படுத்தது. முனை வரைக்கும் போய் அள்ளிக்கொண்டு வரலாம் என்றால் உலையைப் பார்க்க ஆள் இல்லை. வேறு யாரையாவது அனுப்பலாம் என்றால் கொடுக்கிறவள் கைதான் அள்ள வேண்டும். இன்றைக்கு விழுகிற பனியைத் தவிர வேறு பனியும் தரையில் இல்லை. அப்படியானால் செய்யக்கூடியது ஒன்றுதான்.

உலைவாயைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். புயலில் காப்பாற்றிய நெருப்பு. இதை அடக்கினால் ஊர் குளிரும் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள். இப்போதிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் வீடுகள் ஆறிப்போகும், கைக்குழந்தை உள்ளவர்கள் விறகடுப்பு இருக்கிற வீட்டுக்குப் போங்கள், கிழவர்களுக்குத் தோலாடை போட்டுவிடுங்கள், ஊர் முழுக்கச் சொல்லுங்கள் என்றாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வுக்வுனேவுக்குப் புரிந்தது.

"நெருப்பை அடக்கப் போறியா?"

"ஆமா."

"எனக்கு முட்டி வலிடி, ஓம்ரினா. குளிர் ஆகாது."

பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வாயில் அந்தப் பேர் வந்தது. ஓம்ரினா தன் தோலாடையைக் கழற்றி அவள் தோளில் போட்டாள். எனக்கு இங்கே தணல் இருக்கிறது என்றாள். வுக்வுனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊருக்குச் சொல்லப் போனாள்.

ஓம்ரினா தணலின் மேல் சாம்பலை வாரிப் போட்டு மூடினாள். உள்ளே உயிர் இருக்கும், புகை இருக்காது, ஆனால் அதை விட்டுவிட்டு முனை வரைக்கும் போக முடியாது. உலைக்குக் காற்று விடுகிற கதவைச் சாத்தினாள். புகை மெலிந்தது, நூலானது, நின்றது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். மேலே ஒன்றும் இல்லை. அந்த வெற்று வானத்தைப் பார்க்க அவர்களுக்கு என்னவோ போலிருந்தது.

கிராமத் தலைவர் ஓடி வந்தார். கெட்ட மனுஷர் இல்லை, ஊரின் பாரம் தலையில் இருக்கிறவர். காற்றுக் கதவைத் திற என்றார். அவள் திறக்கவில்லை. காற்றுக் கதவின் கைப்பிடிக்கு முன்னால் ஷவலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நடுங்குகின்றன என்றார். தோலாடை போடச் சொல்லியிருக்கிறேன் என்றாள். குழாய் உறைந்து வெடிக்கும் என்றார். கோடியில் இருக்கிற பொதுக் குளியல் வீட்டுக் குழாய் ஒருவேளை வெடிக்கலாம், மற்றது தாங்கும் என்றாள்.

"திமிங்கலத்துக்காக மனுஷங்களைக் குளிர்ல போடுவியாம்மா நீ?"

"அது வராம போனா மனுஷங்க எதைத் தின்னு குளிரைத் தாங்குவாங்க? நீங்களும் இந்தக் கரையில வளர்ந்தவர்தான்."

அவர் குரல் தாழ்ந்தது. "இதோட உன் வேலை போச்சு. நான் வேற மாதிரி செய்ய முடியாது."

"தெரியும்," என்றாள் அவள். "சாயங்காலம் நானே எரிய விட்டுட்டுத்தான் போவேன்."

புகை நின்று காற்று நன்றாகக் கழுவிக்கொண்டு போகும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு உறைபனியில் வெளுக்கப்போட்ட கடல்நாய்த் தோல் ஒன்றைக் கொண்டுபோய்ச் சரிவில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தாள். தோல் வெள்ளை, அதன் மேல் விழுந்த பனியும் வெள்ளை. எங்கே தோல் முடிகிறது, எங்கே பனி ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. அதைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. முனையிலிருந்து லாரிசா நனைந்துபோய் வந்தபோது ஓம்ரினா புதுப் பாத்திரத்தில் பனியை அள்ளிக்கொண்டிருந்தாள். ஆறாத பாய்லரின் விலாவில் பாத்திரத்தை வைத்து உருக்கினாள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அடியில் பாத்திரத்தில் வரைந்த பூ தெரிந்தது. பொடி இல்லை, சுழல் இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். எடுத்துக்கொண்டு கரைக்குப் போயிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஓம்ரினா ஜெயித்ததைக் காட்டாமல் விடுகிறவள் இல்லையே.

"உன் தாளைக் கொண்டா," என்றாள் லாரிசாவிடம். "இன்னிக்கு என் புகைபோக்கி வாயை மூடிட்டேன். உன் தாள் வெள்ளையா இருக்கும், பாரு."

வேண்டாமே அக்கா, தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்றாள் லாரிசா. அவள் கேட்கவில்லை. லாரிசா தன் சாமான் பெட்டியிலிருந்து தாளையும் கையால் அமுக்குகிற சின்னப் பம்பையும் எடுத்தாள். பாத்திரத்துத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தாள் வழியாக இறங்கியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஓம்ரினா உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். பாதித் தண்ணீர் இறங்கியபோது தாளின் நடுவில் நிழல் விழுந்த மாதிரி இருந்தது. லாரிசாவின் தலை மறைக்கிறதோ என்று அவளைத் தள்ளி உட்காரச் சொன்னாள். அவள் தள்ளி உட்கார்ந்தாள். நிழல் அங்கேயே இருந்தது. எல்லாத் தண்ணீரும் இறங்கி முடிந்தபோது தாள் சாம்பல் நிறத்தில் இருந்தது, முனையிலிருந்து லாரிசா கொண்டுவருகிற தாள் மாதிரியே.

ஓம்ரினா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலால் தொடப்போய், தன் விரலின் நிறத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

"இது என்னோடது இல்லையா?"

"இல்லக்கா. இன்னிக்கு விழுந்ததுல உங்களோடது அநேகமா எதுவும் இல்ல."

குற்றம் தன்னுடையதில்லை என்றால் மனுஷருக்கு நிம்மதி வர வேண்டும். அவளுக்கு வரவில்லை. இத்தனை வருஷம் ஊரின் கறுப்பையெல்லாம் தன் தலையில் சுமந்தவள் அவள். தன்னுடையது என்றால் கதவைச் சாத்தி நிறுத்தலாம், வேலையை விட்டுவிட்டு நிறுத்தலாம். யாருடையதோ என்றால் எந்தக் கதவைப் போய்ச் சாத்துவது? ஊரைக் குளிரில் போட்டதும் வேலை போனதும் அந்தத் தாளில் ஒரு புள்ளியைக்கூடக் குறைக்கவில்லை. அவள் அழவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லாரிசாதான் மெல்லச் சொன்னாள், கரி தாளில் நின்றுவிட்டது, கீழே இறங்கின தண்ணீர் சுத்தம், தாராளமாகக் கொடுக்கலாம் என்று.

வெளியே நாய்கள் குரைத்தன. படகுகள் வந்துவிட்டன.

கரையில் ஊரே நின்றது. டிராக்டர் இழுக்க இழுக்கத் திமிங்கலம் கூழாங்கல்லில் ஏறி ஒருக்களித்துப் படுத்தது. அதன் முதுகில் பனி விழுந்து, உருகாமல் தங்கியது. ஆண்கள் கத்தியைத் தொடாமல் காத்திருந்தார்கள். ஓம்ரினா ஒரு கையில் அகப்பை போட்ட பாத்திரமும் இன்னொரு கையில் தாளுமாக வந்தாள். எத்திலின் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தான். தண்ணீர் பளிங்காக இருந்தது. அவன் முகத்திலிருந்து ஒரு வருஷத்துச் சுமை இறங்கியது. அப்போதுதான் அவள் தாளை நீட்டினாள்.

"இது அதுலேருந்து வந்தது," என்றாள்.

அவன் தாளைப் பார்த்தான், புகை இல்லாத புகைபோக்கியைப் பார்த்தான். "நெருப்பை அடக்கியுமா?"

"அடக்கியும்தான்."

தோலாடைக்குள்ளிருந்து வுக்வுனே கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, ஓம்ரினாவின் காதருகே வந்து, தாளை மடித்துப் பையில் வை, தண்ணீர் வெள்ளையாக இருக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள் என்றாள். அவளுக்கு அன்றைக்கு உண்மையாகவே நல்லது செய்ய வேண்டும் என்றிருந்தது. ஓம்ரினா தலையை ஆட்டி மறுத்தாள். விருந்தாளியிடம் மறைத்து வைத்துக் கொடுக்கிறது விருந்தா?

திமிங்கலத்தின் தலைப்பக்கம் மண்டியிட்டாள். தாளை அதன் கண்ணருகே பிடித்தாள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"தூரத்துலேருந்து வந்திருக்க. குடி. இன்னிக்கு விழுந்த பனி இது. விழறப்பவே இவ்வளவு கறுப்போட விழுது, இதோ பாரு. எங்க ஊரு நெருப்பை அடக்கிட்டுப் பார்த்தேன், அப்பவும் இப்படித்தான். வடிகட்டித்தான் குடுக்கறேன். வடிகட்டாம குடுக்க இனிமே எங்ககிட்ட பனி இல்ல. நீயும் மேல வந்து மூச்சு விடறவதானே, உனக்கும் இது தெரிஞ்சிருக்கும். போய்ச் சொல்றப்ப இதையும் சேர்த்துச் சொல்லு. வர்றதா வேண்டாமான்னு உங்க ஆளுங்க முடிவு பண்ணட்டும்."

அகப்பையைச் சாய்த்தாள். தண்ணீர் உதட்டோரம் இறங்கிக் கறுத்த தோலில் வழிந்தது. எத்திலின் கத்தியை எடுத்து வாலோரம் முதல் துண்டை வெட்டினான். முதல் துண்டு தண்ணீர் கொடுத்த கைக்கு. அதைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் ஏந்தி, அக்காவின் கரி படிந்த கையில் வைத்தான். அவ்வளவுதான் அவன் பதில்.

துண்டைக் கையில் வைத்தபடியே அவள் கூடத்துக்குப் போய்ச் சாம்பலை விலக்கினாள். தணல் உயிரோடுதான் இருந்தது. கரி போட்டு, காற்றுக் கதவைத் திறந்து, புகை கறுப்பாகக் கிளம்புவதைப் பார்த்துவிட்டு, ஷவலைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்தாள். குளியல் வீட்டுக் குழாய் வெடித்துத்தான் போயிருந்தது. சொன்னபடி தலைவர் வேலையை எடுத்துக்கொண்டார். அவள் திரும்பக் கேட்கவும் இல்லை, அவர் திரும்பக் கூப்பிடவும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஊர் முழுக்கத் திமிங்கல இறைச்சி தின்றது. குளியல் வீடு இல்லாமல் நாறிக்கொண்டு அவளைத் திட்டவும் திட்டியது. இரண்டும் நடந்தது, இரண்டையும் சொல்லத்தான் வேண்டும். வுக்வுனே தோலாடையைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை.

அதற்கப்புறம் திமிங்கலம் வந்த வருஷமும் உண்டு, வராத வருஷமும் உண்டு. வந்தபோதெல்லாம் ஓம்ரினாதான் கொடுத்தாள். உலையை விட்டு வந்தவளாகையால் முனை வரைக்கும் நடந்து போய் அள்ள நேரம் கிடைத்தது. கடைசி வருஷங்களில் நாய் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள். லாரிசா நகரத்துக்குப் போன பிறகும் தாள் அனுப்பிக்கொண்டிருந்தாள். தண்ணீரை வடிகட்டித் தாளையும் காட்டுவது அந்தக் கரையில் வழக்கமாகிவிட்டது. இப்போது கொடுக்கிறது எத்திலினின் மகனைக் கட்டிக்கொண்டு வந்த மருமகள். சில வருஷம் தாள் வெளிறி வரும், காடு அதிகம் எரிந்த வருஷம் இருண்டு வரும். வெள்ளையாக வந்த தாள் இன்னும் இல்லை.